பட்டாளத்தாரின் கல்

“அவரு செத்து எத்தினியோ வருஷமாச்சே சார்” என்றார் ஏகாம்பரம்.

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நெளிவுகூட இல்லை. அருகில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர்கள் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். அவர்களோடு சேர்ந்து கடைசியாக இன்னொருவரும் தலையை ஆட்டினார். அவர்தான் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஆள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சாலவாக்கம் பக்கத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னமும் நல்ல மோர் கிடைக்கிறது, கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. ஏரிக்கரை வேப்பமரத்தடியில் விசாரணை. வந்திருந்த வருவாய் ஆய்வாளரை நாங்கள் ஆர்.ஐ. என்போம். தெற்கத்திப் பிள்ளை, வேலைக்குப் புதுசு, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நம்பி பைக்கைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

அவர் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. பட்டாளத்தில் சண்டை போட்டுக் காலில் அடிபட்ட தணிகாசலமும், இதோ கைத்தடியோடு உட்கார்ந்திருக்கும் குப்பனும் ஒரே ஆள்தானா? பட்டாளத்துப் புத்தகத்தில் பழைய பெயர், ஆதாரில் இந்தப் பெயர். இருவரும் ஒருவரே என்று ஊர் சொன்னால் சான்று கிடைக்கும். சான்று கிடைத்தால் கிழவரின் பென்ஷன் மனு நகரும். மனுவை எழுதியவள் நான். சாட்சிகளைத் திரட்டியவளும் நான்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பெரியவரே. தணிகாசலம் இறந்துட்டாரா?”

“இதுல யோசிக்க இன்னா சார் கீது? அதோ, அங்கதான் கீறாரு.” ஏகாம்பரம் கையை நீட்டினார்.

கரையின் கோடியில், பனைமரங்களுக்கு நடுவே இடுப்புயரத்தில் ஒரு கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பட்டாளத்துப் பச்சையில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார்கள். முன்னால் எலுமிச்சம்பழமும் ஒரு பீடிக்கட்டும் இருந்தன.

“எங்க ஊரு பட்டாளத்தாரு. பொல்லாத சக்தி. போறதுன்னா செருப்பைக் கழட்டிட்டுப் போங்க.”

ஆர்.ஐ. என்னைப் பார்த்தார். நான் குப்பனைப் பார்த்தேன். குப்பன் கல் இருந்த பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என்னை எதுவும் அசைக்காது என்றிருந்தேன்

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என் மேசையைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக: உத்திரமேரூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே, புங்கமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. என் வீட்டுக்காரர் விட்டுப்போன தட்டச்சு எந்திரத்தில் ஆரம்பித்தேன். இப்போது லேப்டாப், பிரிண்டர், ரேகை வைக்கும் மெஷின் எல்லாம் உண்டு. மரம் மட்டும் பழையது. ஊர் என்னை ரைட்டரம்மா என்று கூப்பிடுகிறது.

அந்த மரத்தடியில் நான் பார்க்காத மனித சுபாவம் இல்லை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. பக்கத்து வீட்டுச் சேவல் தன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கலெக்டருக்கு மனு எழுதச் சொன்னவர் உண்டு. எழுதி முடித்ததும், அந்தச் சேவலை வாங்கிக் குழம்பு வைத்துவிட்டதாகவும் மனு வேண்டாம் என்றும் சிரித்துக்கொண்டே வந்து நின்றார். அவரிடம் கூலி வாங்காமல் ஒரு கால் கறி கேட்டு வாங்கினேன். அப்படி எத்தனையோ பார்த்தவளை ஒரு நொண்டிக் கிழவர் அசைத்துவிடுவார் என்று யார் நினைத்தது?

குப்பன் முதன்முதலில் வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. உர மூட்டைச் சாக்கிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக்கில் பட்டாளத்துப் புத்தகத்தைச் சுற்றி, அதை வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒல்லியான ஆள், பெரிய மீசை. வலது கால் முழங்காலுக்குக் கீழே வளைந்திருந்தது. ஏரித் தண்ணீரை முறை வைத்து வயல்களுக்குத் திருப்பிவிடும் நீர்க்கட்டி வேலை செய்து வந்திருக்கிறார். கால் இப்போது அதற்கும் சரியாக ஒத்துழைப்பதில்லை.

“இத்தினி வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?” என்று கடிந்துகொண்டேன். குண்டடி பட்டுத் திரும்பி வந்தவருக்கு உடனே கிடைத்திருக்க வேண்டிய பென்ஷன் அது.

“வரலம்மா” என்றார்.

“இப்ப மட்டும் எதுக்கு?”

“எனக்கு இன்னாத்துக்கும்மா? இன்னிக்கோ நாளைக்கோ. அவளுக்குத்தான். புள்ளைங்க தங்கல எங்களுக்கு. எனக்கப்பறம் பொண்டாட்டிக்கு மாசாமாசம் வரும்னு டீக்கடையில ஒரு மில்ட்ரிக்காரரு சொன்னாரு. எந்தப் பேர்ல எழுதினா வருமோ அந்தப் பேர்ல எழுதிடும்மா.”

“பேரு ஏன் ரெண்டா கீது?”

“கூப்புடற பேரு வேறம்மா.”

எங்கள் பக்கத்தில் இது ஓர் அதிசயமே இல்லை. ஸ்கூல் பெயர் ஒன்று, தெருப்பெயர் ஒன்று என்று பாதிப்பேர் அலைகிறார்கள். நானும் வழக்கம்போல ‘குப்பன் என்கிற தணிகாசலம்’ என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். அந்த ‘என்கிற’ என்ற சொல்லுக்குள் என்ன கிடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

கேஸ் ஆகிடும்மா

விசாரணை கலைந்ததும் ஆர்.ஐ. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கூசியது.

“நான் என்னம்மா எழுத? ஊரே செத்துட்டாருங்குது. கல்லும் இருக்கு. செத்துப்போன ராணுவ வீரர் பேர்ல இவர் பென்ஷன் கேக்குறார்னுதான் எழுத முடியும். அப்புறம் ஆள்மாறாட்டம்னு போலீசுக்குப் போயிடும். இந்த வயசுல அவரை ஸ்டேஷன்ல உக்கார வைக்கணுமா?”

“ஒரு வாரம் குடுங்க சார்” என்றேன்.

“ஒரு வாரம் தரேன். இதே இடம்.” பைக்கை எடுத்தவர் கல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவர் கையும் தன்னையறியாமல் கன்னத்துக்குப் போய்விட்டு வந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நேரே குப்பன் வீட்டுக்குப் போனேன். பசுமை வீடு, முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல். குப்பன் ஒன்றும் நடக்காதது போலக் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“யோவ், நீ யாருய்யா? உண்மையச் சொல்லு. செத்துப்போன ஒரு சிப்பாயோட புத்தகத்தைத் தூக்கிக்கினு வந்து என்னை ஏமாத்திட்டியா?”

பெரியவரை ஒருமையில் பேசியதற்கு என் நாக்கு அப்புறம் கூசியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி பச்சையம்மாள் ஒரு சொம்பு மோரோடு வெளியே வந்தாள். சின்ன உருவம், நெற்றி நிறையக் குங்குமம்.

“மொதல்ல இதைக் குடி ரைட்டரம்மா. அவரு பொய் சொல்ற ஆளில்ல. ஊரும் பொய் சொல்லல. சொல்றேன், உக்காரு.”

மீசை வைத்த குழந்தை

பச்சையம்மாள் சொன்னதை அப்படியே தருகிறேன். கேட்டுக்கொண்டிருந்தபோது மோர்ச் சொம்பு என் கையிலேயே இருந்தது. குடிக்க மறந்துபோனேன்.

கல்யாணமாகித் தலைதீபாவளிகூட வரவில்லை. சண்டை வந்துவிட்டது. வடக்கே எல்லைக்குப் போன புருஷனைப் பற்றி ஒரு தந்தி. இங்கிலீஷ் தெரிந்தவரைத் தேடிப் படிக்கச் சொன்னார்கள். ஆளைக் காணவில்லை, செத்திருக்கலாம் என்று நம்பப்படுகிறது என்று வந்திருந்தது. ‘நம்பப்படுகிறது’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் காத்திருந்தார்கள். அப்புறம் மாமியாரே மனசைக் கல்லாக்கிக்கொண்டு, புள்ள ஆவியா அலையக் கூடாது என்று காரியம் செய்யச் சொல்லிவிட்டாள்.

உடம்பு இல்லை. அதனால் கல்யாண வேட்டியை ஏரிக்கரையில் புதைத்து, மேலே கல் நட்டார்கள். பச்சையம்மாள் தாலியை அறுத்தாள்.

அந்த வருஷம் பெரிய மழை. ஏரி உடைத்துக்கொள்ளும் என்று ஊர் விழித்திருந்தபோது, உடைப்பு எடுக்கிற இடத்தில் காக்கிச் சட்டை போட்ட ஆள் நிற்பதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். கரை நின்றுவிட்டது. மறுநாளே கல்லுக்கு மஞ்சள் பூசிக் கற்பூரம் ஏற்றினார்கள். தணிகாசலம் பட்டாளத்தாராகிவிட்டார். காணாமல்போன மாடு கிடைத்தது, கல்யாணம் தட்டிப்போன பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்தான். பிறந்த ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் தணிகாசலம் என்று பெயர் வைக்க ஆரம்பித்தார்கள்.

“அப்பறம் ஒரு நாளு சாயங்கால பஸ்ல இவரு வந்து எறங்கிட்டாரு” என்றாள் பச்சையம்மாள்.

எதிரி நாட்டில் கைதியாகக் கிடந்து, விடுதலையாகி, பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காலைச் சரிபண்ணிக்கொண்டு, ஊன்றுகோலோடு வந்து இறங்கியிருக்கிறார். பஸ் நின்ற இடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள் ஆட்டை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். பச்சையம்மாள் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். யாரோ கத்துகிறார்களே என்று நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

“சந்தோஷமா இருந்திருக்குமே?”

“சந்தோஷமா? போ ரைட்டரம்மா. பயந்து போயிட்டேன். காரியம் பண்ணியாச்சு, கல்லு நட்டாச்சு. செத்தவரு வூட்டுக்குள்ள எப்பிடி வரலாம்?”

பெரியவர்கள் கூடினார்கள். அன்றைய பூசாரி ஏகாம்பரத்தின் அப்பா. அவர்தான் வழி சொன்னார். காரியம் முடிந்த உடம்பு இது, பழைய பெயரோடு வீட்டுக்குள் விடக் கூடாது, மறுபடி பிறக்க வேண்டும். குழந்தை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி, இது யார் பெற்றதோ என்று சொல்லி, தவிடு கொடுத்து வாங்கி, குப்பன் என்று பெயர் வைப்பார்கள் அல்லவா? சாவு ஏமாந்து போய்விடும் என்று. அதையே இவருக்கும் செய்தார்கள்.

ஊருக்கு வெளியே குப்பைமேட்டில், பட்டாளத்து பூட்ஸோடு ஆளைப் படுக்க வைத்தார்கள். முறத்தில் வைத்துத்தான் பிள்ளையை வாங்க வேண்டும்.

“அவ்ளோ பெரிய ஆம்பளைய எப்பிடி முறத்துல வெக்கிறது? தலைய மட்டும் வெச்சாங்க. எங்க மாமியாரு ஒரு படி தவிடு குடுத்து வாங்கிக்கினாங்க. குப்பான்னு காதுல கூப்ட்டாங்க. இவரு குழந்தை மாதிரி அழுதாரு” என்றாள்.

“அழல” என்றார் குப்பன், காலைத் தேய்த்தபடி. “தவிடு கண்ணுல வுழுந்துடுச்சி.”

மறுநாள் அதே பெண்ணுக்கு அதே ஆள் மறுபடி தாலி கட்டினார். கூடியிருந்தவர்கள் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்: இந்த ஆளைப் பழைய பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால், ஏமாந்துபோன சாவுக்கு அடையாளம் தெரிந்து திரும்பி வந்துவிடும். தானும் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை என்று அவர் தன் தாய்க்கு வாக்குக் கொடுத்தார்.

கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“சரி. பென்ஷன் ஏன் வரல?”

“வந்துச்சே” என்றார் குப்பன்.

“இன்னாது?”

“பேப்பரு எல்லாம் வந்துச்சி. தபால்காரரு அசலூரு. தணிகாசலம் யாருன்னு வயல்ல வந்து கேட்டாரு. ஏரிக்கரைய காட்டுனாங்க. போய் கல்லைப் பாத்துட்டு, ஆள் காலமாயிட்டாருன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டாரு.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“பக்கத்துலதான், நாத்துக்கட்டு தூக்கிக்கினு.”

“வாயத் தொறக்கலியா?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இது தெரியாதா உனக்கு என்கிற பார்வை.

“சாமி பேருக்கு வந்ததை நான் எப்பிடிம்மா வாங்கறது?”

இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் ஊர் பட்டாளத்தாருக்குப் படையல் போடுகிறது. வறுத்த மீன், கொழுக்கட்டை, பீடி, பாட்டில். குப்பனும் தலைக்கட்டு வரி கொடுத்துவிட்டு, வரிசையில் நின்று, தன்னையே கும்பிட்டுவிட்டு வருகிறார்! இள வயதுக்காரர்களுக்குக் குப்பன் யார் என்றே தெரியாது. தெரிந்தவர்கள் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயைத் திறப்பதில்லை. நாள் ஆக ஆக, சத்தியம் செய்தவர்களுக்கே அது சத்தியம் என்பது மறந்து உண்மையாகிவிட்டது.

கல்லில் இருந்தால்

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர்கள் வருவதே கல்லைப் பார்க்கத்தான். அந்தக் காலத்தில் ஊர்ச் சபைக்கு எப்படி ஆள் எடுத்தார்கள் என்று கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறது. அதன் பெருமையைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஜனங்கள் நாங்கள். கல்லில் இருந்தால் அப்பீல் கிடையாது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களிடம் போய், கல்லு சொல்வது தப்பு, ஆள் சொல்வதுதான் சரி என்று எப்படிப் பேசுவது?

இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அப்பாவுக்குப் பிறகு கல்லுக்குப் பூசை செய்கிறவர் அவர்தான்.

“நீ சொல்றது எனக்குப் புரியாமலா கீது?” என்றார். “குப்பைமேட்டுல அவரு தலைக்கு முறம் புடிச்சதே நான்தான். ஆனா சத்தியம் பண்ணிக்கீறோம். நான் போய் இவருதான் அவருன்னு சொல்லி, ராத்திரியே அவருக்கு ஏதாவது ஆயிட்டா? அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? இன்னொண்ணு. இத்தினி ஜனம் கும்புடற கல்லு. அது சும்மா வேட்டி பொதைச்ச எடம்னு ஆயிடாதா?”

அடுத்தது பச்சையம்மாள். அவள் இன்னும் கெட்டி.

“அந்தப் பேரை எடுக்காத ரைட்டரம்மா. ஒரு தரம் தாலி அறுத்தவ நான். எனக்குத்தான் தெரியும் அது இன்னான்னு. பேரைச் சொல்லி அவரை அனுப்பிட்டு, அந்தக் காசுல சோறு தின்னணுமா? எனக்கு வேணாம்.”

“வேணும்டி” என்றார் குப்பன் பந்தலிலிருந்து. “நான் போயிட்டா உன்ன யாரு பாப்பா? யாரு வூட்டு வாசல்ல நிப்ப? நான் பாத்துக்கினே கீறேன், ஒனக்கு ஒண்ணும் வெக்காம போவ எனக்கு மனசு வரல.”

அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது.

மூடநம்பிக்கை என்று கத்த வாயைத் திறந்தேன். ராகுகாலத்தில் ஒரு மனுவும் அடிக்காதவள் நான் என்பது ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். கிளம்பும்போது, சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை மட்டும் பச்சையம்மாளிடம் சொன்னேன்.

“பென்ஷன் வேணாம்னா வேணாம். ஆனா மனு போயாச்சு. ஊரு இப்பிடியே சொன்னா, செத்த சிப்பாய் பேரைத் திருடிக் காசு கேட்டாருன்னு கேஸ் ஆவும். போலீசு வந்து கூட்டிக்கினு போவும்.”

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

“திருடனா? யாரு, அவரா?”

“எழுத்துல அப்பிடித்தான் வரும்.”

பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது

ஆர்.ஐ. சொன்ன நாளில் வந்தார். இந்தத் தடவை ஊரே கூடியிருந்தது. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். விஷயம் அரைகுறையாகக் கசிந்திருந்தது.

ஏகாம்பரம் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆர்.ஐ. கேட்டதற்கு, “போன தரம் சொன்னதுதான் சார்” என்றார், குரலே எழும்பாமல்.

“பெரியவரே, நீங்களே சொல்லுங்க. உங்க பேரு என்ன?” ஆர்.ஐ. குப்பனிடம் திரும்பினார்.

குப்பன் வாயைத் திறந்தார், மூடினார். செத்துப்போன தாய்க்குக் கொடுத்த வாக்கு. மீசை மட்டும் நடுங்கியது. ஆர்.ஐ. பெருமூச்சு விட்டுப் பேனாவின் மூடியைத் திறந்தார். முடிந்தது என்றே நினைத்தேன்.

“தணிகாசலம்!”

கூட்டத்தின் பின்னாலிருந்து வந்தது குரல். எல்லோரும் திரும்பினோம். பச்சையம்மாள். கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். ஒரு கை தாலியைப் பிடித்திருந்தது.

“எம் புருஷன் திருடன் இல்ல. தணிகாசலம்! எந்திரிச்சி நில்லு!”

புருஷன் பெயரைச் சொல்லாத தலைமுறை அவள். அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து அவரே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார். கைத்தடி கீழே விழுந்தது. அவர் எழுந்தார். எப்படி எழுந்தார் என்று எனக்குத் தெரியாது, அந்தக் காலோடு. குதிகாலைச் சேர்த்து, மார்பை நிமிர்த்தி, பட்டாளத்தில் அதிகாரிக்குப் பதில் சொல்கிற மாதிரி “சாப்!” என்றார்.

அதற்குப் பிறகு யாரும் அசையவில்லை. கூட்டம் மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அவர் விழுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவு அடையாளம் கண்டுகொண்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார். நாகரிகம் தெரிந்தவள் நான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவருக்கு ஒரு விக்கல் வந்தது.

ஒரு பெண் வீறிட்டாள். ஏகாம்பரம் துள்ளி எழுந்து அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பச்சையம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆர்.ஐ. தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை, தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கிழவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் இல்ல” என்றார். “காத்தாலேர்ந்து நாஷ்டா பண்ணல.”

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரோ அழுதார்கள். ஏகாம்பரம் அவரை விடாமல் பிடித்துக்கொண்டே ஆர்.ஐ. பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

“எழுதிக்கோ சார். எங்க சாமி உசுரோட கீறாரு. இவருதான்.”

“அப்போ அந்தக் கல்லு?”

“கல்லு அது பாட்டுக்கு இருக்கட்டும். ரெண்டு எடத்துலயும் இருக்கறதுதான சார் சாமி.”

ஆர்.ஐ., ‘சாமி’ என்ற இடத்தில் ‘மேற்படி நபர்’ என்று எழுதிக்கொண்டார். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள்.

முந்தின நாள் தண்ணீர் முறைக்காகக் குப்பனைக் கண்டபடி பேசிய பையன் ஒருவன், பைக் சாவியை மடியில் செருகிக்கொண்டு, மெதுவாக வந்து அவர் காலைத் தொட்டான். கிழவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“போடா, வேற வேலையப் பாரு. மடையைத் தொறந்து வுட்டுட்டு வந்துக்கீற, மொதல்ல போய் அதை மூடு.”

ரேகை

காகிதம் எத்தனையோ மேசைகள் ஏறி இறங்கி, கடைசியில் உத்தரவு வந்தது. அந்த வருஷக் கார்த்திகைப் படையலில், கல்லுக்கு முன் வைத்த மீனையும் பாட்டிலையும் ஏகாம்பரம் நேரே குப்பன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாராம். “இத்தினி வருஷம் என் பேரைச் சொல்லி நீங்க குடிச்சீங்க, இன்னிக்குத்தான் எனக்கு வந்துக்கீது” என்றாராம் சாமி.

பென்ஷன் வாங்குகிற எல்லோரும் வருஷத்துக்கு ஒரு முறை, தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அதுவும் கார்த்திகையை ஒட்டித்தான் வரும். மெஷினில் விரலை வைத்தால் போதும். கணவனும் மனைவியும் என் மேசைக்கு வந்தார்கள். பச்சையம்மாள் கையில் எனக்கு ஒரு தூக்கு நிறையப் படையல் கொழுக்கட்டை.

கிழவர் கட்டைவிரலை வைத்தார். மெஷின் சிவப்பு காட்டியது. மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு. மண்வெட்டியும் மடைக்கல்லும் தேய்த்துத் தேய்த்து விரலில் ரேகையே இல்லை.

“இன்னா சொல்லுது?” என்றாள் பச்சையம்மாள். குரல் மாறியிருந்தது. “செத்துட்டாருன்னு சொல்லுதா?”

நான் பதில் சொல்வதற்குள் அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். முந்தானையில் எச்சில் தொட்டு, குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி, அந்த விரலை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். மெஷினில் தானே வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டாள்.

“தணிகாசலம்” என்றாள், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “அழுத்து.”

பச்சை விளக்கு எரிந்தது.

“எடுத்துக்கிச்சா ரைட்டரம்மா?”

“எடுத்துக்கிச்சு. இந்த வருஷத்துக்கு உயிரோட கீறாரு.”

அவள் அவர் கையை விடவில்லை.

“இந்த வருஷத்துக்கு ஆயிடுச்சி இல்ல? போதும்” என்றாள். “அடுத்த வருஷமும் நானே வந்து கூப்புடறேன்.”